அடி வாங்கத் தெரிந்தவள்

எனக்குக் கம்பு கற்றுக்கொடுத்தவளுக்கு அடிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு எனக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்ளட்டும். அவளிடம் கற்றவள் நான், அவர்கள் இல்லை.

நடந்தது ஐம்பதுகளில். உத்தனப்பள்ளியிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. அன்றைக்கு அது சேலம் ஜில்லா. வீட்டுக்குள் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, ஆட்டுப் பட்டிக்காரர்கள் வந்தால் கன்னடம் என்று மூன்று பாஷையும் பேசாமல் எங்களுக்கு ஒரு நாள் போகாது. கம்பு சுற்றுவதை நாங்கள் கம்பு என்றே சொல்வோம். தெலுங்கில் கர்ரசாமு, கன்னடத்தில் தொண்ணெவரசெ. பெயர் மூன்று இருந்தாலும் மூன்றிலும் அது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம். மாரியம்மன் பண்டிகையில் அவர்கள் சுற்றுவார்கள், நாங்கள் மாவிளக்குத் தட்டை ஏந்திக்கொண்டு ஒதுங்கி நிற்போம்.

என் வீட்டுக்காரர் கோலார் தங்கவயலில் சுரங்க வேலையில் இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், நான்கு நாள் தூங்குவார், போய்விடுவார். மாமியார் நான் வாழ வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் நானும் மாமனாரும்தான். அவருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. தடியை ஊன்றிக்கொண்டு கிணற்று மேடு வரை வந்து உட்காருவார், அதற்கு மேல் முடியாது. அதனால் காட்டோரத்து இரண்டு ஏக்கராவும் என் கைக்கு வந்தது. ராகி போட்டு, ஊடே அவரையும் தட்டைப்பயறும் விதைத்து, மேட்டில் கொள்ளு தெளிப்பேன். அந்த நிலத்தில் பாதி கல். நான் வந்த முதல் வருஷம் பொறுக்கிப் போட்ட கல்லே ஒரு வரப்பு நீளத்துக்குக் கிடந்தது. எனக்கு அந்த நிலத்தின்மேல் ஆசை. வேறு எப்படிச் சொல்வது, நகையின்மேல் மற்றவர்களுக்கு இருக்கிற ஆசை எனக்கு அதன்மேல் இருந்தது.

அடுத்த நிலம் என் கொழுந்தனுடையது. வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன். ஊரில் கம்புக்கு அவனை விட்டால் ஆளில்லை, பண்டிகையில் முதல் சுற்று அவனுடையதுதான். அவனுக்கும் என் நிலத்தின்மேல் ஆசை. வேலியைப் பிரித்துத் தன் மாடுகளை என் அவரைக்குள் விட்டுவிடுவான். போய்க் கேட்டால், "மாட்டுக்கு இன்னார் காடுன்னு தெரியுமா அண்ணி?" என்பான். ஒரு நாள் வீட்டுக்கே வந்து, மாமனார் முன்னால் உட்கார்ந்து, மரியாதையாகவே பேசினான்.

"பெரியப்பா, ஆம்பளை காவல் இல்லாத காடு எத்தினி நாளைக்கு நிக்கும்? எனக்கு வாரத்துக்கு விடுங்க, வெளைச்சல்ல பங்கு குடுத்துடறேன். அண்ணியைத் தங்கவயலுக்கு அனுப்பிடுங்க. புருசன் பொண்டாட்டி ஒரு எடத்துல இருந்தாதானே நல்லது?"

மாமனார் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த ராகி அறுப்பு முடியட்டும். மாடு திங்காம களத்துக்கு வந்து சேந்துச்சுன்னா அவளே பாத்துக்கட்டும். இல்லன்னா நீ சொல்றதுதான்."

தங்கவயலில் வீட்டுக்காரருடைய குடியிருப்பில் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கிறேன். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரி உலையில் என்ன போடுகிறாள் என்று தெரியும். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அங்கே போனால் நான் உட்கார்ந்து உட்கார்ந்தே செத்துப்போவேன் என்று எனக்குத் தோன்றியது. அன்று ராத்திரிச் சோற்றைக் கோபத்தில் தின்னாமல் படுத்தேன். வயிறு காய்ந்ததுதான் மிச்சம்.

அந்த ஆடி மாதத்தில்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை புதன்கிழமை ராயக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற வளையல்காரி. துலுக்க வீட்டுப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கயிறு கயிறாகக் கோத்த வளையல்களை ஒன்றாகக் கட்டிய மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊன்றுவதற்கு ஒரு மூங்கிலோடு, ஊர் ஊராக நடப்பாள். ஊர்ப் பெண்கள் கைக்கெல்லாம் வளையல் போடுகிற அவள் கையில் ஒரு கண்ணாடி வளையல் கிடையாது. கைக்கொரு வெள்ளிக் காப்பு, அவ்வளவுதான். ஒருமுறை கேலியாகக் கேட்டேன். "எனக்குக் கண்ணாடி நிக்காது தங்கச்சி" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். எதிர்த் தரிசில் கன்னடக்காரர்களின் ஆட்டுப் பட்டி இறங்கியிருந்தது. பட்டி நாய்கள் நான்கு. சிறுத்தைக்கே பயப்படாத நாய்கள் அவை. வளையல்காரி தடத்தில் வந்தாள், நான்கும் ஒரே பாய்ச்சலில் அவள்மேல் போயின. நான் கயிற்றை விட்டுவிட்டேன், குடம் கிணற்றுக்குள் போய்விட்டது.

அவள் ஓடவில்லை. மலாரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள், தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை இறக்குகிற மாதிரி. பிறகு மூங்கிலை இரண்டு கையாலும் எடுத்தாள். அதற்குப் பிறகு எனக்கு மூங்கில் தெரியவில்லை. அவளைச் சுற்றி ஒரு சத்தம்தான் இருந்தது. நாய் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அந்தப் பக்கம் அது முன்பே இருந்தது. ஒரு நாயின்மேலும் அடி விழவில்லை, ஒரு நாயும் உள்ளே வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் நான்கும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டன. அவள் மலாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சுகூட வாங்காமல் என்னிடம் வந்து, "குடம் விழுந்துடுச்சா?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. சாமி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை, "எனக்குக் கத்துக்குடுக்கா" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு அடிக்கத் தெரியாதே" என்றாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கொழுந்தன் கதையைச் சொன்னேன். அவள் வெகுநேரம் என் கைகளைப் பார்த்தாள். பிறகு மலாரத்திலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் கைக்கு ஆறாகப் பன்னிரண்டு போட்டுவிட்டாள். "இதைக் கழட்டக் கூடாது. ஒண்ணுகூட உடையாம கம்பு சுத்தற அன்னிக்கு நீ கத்துக்கிட்டேன்னு அர்த்தம்" என்றாள்.

நாட்றாம்பாளையம் காட்டிலிருந்து மூங்கில் வண்டி ஓட்டி வருகிறவரிடம் சொல்லி, என் நெற்றி உயரத்துக்குக் கெட்டி மூங்கில் ஒன்று வாங்கினேன். களத்துக்குப் பின்னால் வைக்கோல் போர் மறைவில், ஆண்பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருக்கிற உச்சி வெயிலில் எங்கள் பாடம். முதல் மூன்று புதன்கிழமை கம்பைத் தொடவே விடவில்லை. கால் மாற்றுவது மட்டும்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கம்பு கேட்டால் இவள் கோலாட்டம் சொல்லித் தருகிறாளே என்று நினைத்தேன்.

கம்பைக் கொடுத்த பிறகுதான் பெரிய ஆச்சரியம். அவள் என்னைப் பார்க்கவே மாட்டாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சந்தைக்கு வேண்டிய வளையல்களை நிறம் பார்த்துக் கயிற்றில் கோத்துக்கொண்டிருப்பாள். நான் பின்னால் சுற்றுவேன். திரும்பாமலே, "வலது கால் பின்னாடி நின்னுடுச்சு" என்பாள். குனிந்து பார்த்தால் நின்றிருக்கும். "இப்ப மணிக்கட்டை இறுக்கிட்டே" என்பாள். இறுக்கியிருப்பேன். வளையல் சத்தத்தைக் கேட்டே சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. சரியாக வந்தால் ஆறு வளையலும் ஒரே சத்தமாகச் 'சல்' என்று விழும். தப்பாக வந்தால் ஆளுக்கொரு பக்கம் பேசும். அத்தனை வருஷம் வளையல் போட்டிருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு வாய் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு கண்ணாடிகளைக் காதால் படிக்கிற ஒருத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எங்கள் போரடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஊரில் யாருக்கும் தெரியாது. நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருக்கும்.

அடுத்தது சுரைக்குடுக்கை. களத்துப் புளியமரக் கிளையில் கயிறு கட்டி, காய்ந்த குடுக்கையில் மண்ணை நிரப்பித் தொங்கவிட்டாள். தள்ளிவிட்டால் அது முகத்துக்கு நேராக வரும், கம்பால் வாங்கி அனுப்ப வேண்டும். ஒன்று பழகியதும் இரண்டு, பிறகு மூன்று. நான் கையை விறைப்பாக வைத்து வாங்குவேன். அதிர்ச்சி நேராக மணிக்கட்டுக்கு வந்து வளையல் 'பட்' என்று போய்விடும்.

"கையில வாங்காதே, கால்ல வாங்கு" என்பாள். "அடி மேல வருது. அதைக் கீழ எறக்கி மண்ணுக்குக் குடுத்துடணும். கை சும்மா வழி விடறதுக்குத்தான்."

உடைந்தது என்று எங்கள் பக்கம் வாய் திறந்து சொல்ல மாட்டோம். வளையல் பெருகிடுச்சு என்றுதான் சொல்வோம். எனக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று பெருகின. அவள் ஒவ்வொரு புதன்கிழமையும் சோடி தப்பிய வளையல்களைப் போட்டு எண்ணிக்கையைச் சரி செய்வாள். என் கை பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள், "என்னாடி, கையில திருவிழா நடக்குது?" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் சுரங்கத்துக்குள் இருக்கிறபோது பொண்டாட்டி கை வளையல் இப்படிப் போனால் எவளுக்குத்தான் சிரிப்பு வரும்? ஒவ்வொரு 'பட்' சத்தத்துக்கும் நான் வடகிழக்குப் பக்கம், தங்கவயல் இருக்கிற திசையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் மாமனார் என்னைக் கூப்பிட்டார். துண்டு முனையை அவிழ்த்தார். உள்ளே வளையல் துண்டுகள். களத்துப் பக்கம் தடியை ஊன்றி வந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார், ஊரார் கண்ணில் படக் கூடாது என்று. அந்த முட்டியோடு எப்படிக் குனிந்தாரோ.

"நீ என்னா செய்யறேன்னு எனக்குத் தெரியும்மா. செய்ய வேணாம்னு சொல்லல" என்றார். "ஆனா அவன் பூமிக்கு அடியில இருக்கறான். இங்க இது இப்பிடிப் பெருகினா எனக்குத் தூக்கம் வரல."

மூன்று நாள் நான் கம்பைத் தொடவில்லை. நான்காம் நாள் அவரைப் பாத்திக்குப் போனேன். ஈர மண்ணில் மாட்டுக் குளம்பு வரிசையாகப் பதிந்திருந்தது, பூ விட்டிருந்த கொடி நான்கு பாத்திக்குச் சேறாகிக் கிடந்தது. வீட்டுக்கு வந்து கம்பை எடுத்தேன். மாமனார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் புதன்கிழமை என் கோபத்தையெல்லாம் வளையல்காரியிடம் காட்டினேன். நான்கு மாதமாகத் தடுப்பு, தடுப்பு என்றே போகிறது, ஒரு அடிகூடச் சொல்லித் தரவில்லை. உங்கள் வீட்டு வித்தையில் பாதியை ஒளித்து வைக்கிறாய், வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் வெந்துபோக வேண்டும்.

அவள் கோபப்படவில்லை. என் கம்பை வாங்கி, தொங்குகிற குடுக்கையை ஓங்கி ஒரு அடி அடித்தாள். துணி துவைக்கிற பெண் மனசில்லாமல் தட்டுகிற மாதிரி ஒரு அடி. குடுக்கை ஒரு சாண்கூட நகரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"என் வீட்டுக்காரர் மொகரத்துக்குக் கம்பு சுத்தறவர்" என்றாள். "வீட்டுல பழகறதுக்கு எதிராளி வேணும். கல்யாணமாகி வந்த மறு மாசமே எங்கிட்ட ஒரு கம்பைக் குடுத்து, நீ வாங்கு நான் போடறேன்னாரு. பதினோரு வருசம் வாங்கினேன். ஒரு நாளாவது நீ போடு நான் வாங்கறேன்னு அவரு சொல்லல, நானும் கேக்கல. இப்ப அவருக்கு நெஞ்சுல சளி, கம்பைத் தூக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் தங்கச்சி. எங்கிட்ட இருக்கறது பூராவும் உனக்குக் குடுத்துட்டேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வித்தையை அதன் பின்பக்கத்திலிருந்தே, தன்மேல் வந்து விழுந்த அடிகளிலிருந்தே முழுவதுமாகக் கட்டி எடுத்திருக்கிறாள். வாத்தியார் என்று ஒருவர் அவளுக்கு இருந்ததே இல்லை. "மன்னிச்சுக்கக்கா" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு சிவப்பு வளையலைப் போட்டுவிட்டாள்.

மார்கழியில் ராகி முற்றியது. மறுநாள் அறுப்பு என்று ஆட்களுக்குச் சொல்லியிருந்தேன். முதல் நாள் காலையில், வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, வேலி பிரிந்திருந்த சந்தில் கொழுந்தனுடைய மாடுகள் ஆறும் முட்டிக்கொண்டு நின்றன. பின்னால் அவன், தோளில் பண்டிகைக் கம்பு. நான் என் கம்போடு சந்துக்குள் போய் நின்றேன். கிணற்று மேட்டில் மாமனார். தெற்குப் பக்கத்து நிலத்தில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது, பத்துப் பன்னிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தள்ளு அண்ணி. மாடு தண்ணிக்குப் போவுது."

"தண்ணி அந்தாண்ட இருக்குது" என்றேன்.

அவன் சிரித்தான். என் கையிலிருக்கிற கம்பைத் தட்டிவிடலாம் என்று விளையாட்டாக ஒரு அடி போட்டான். என் கால் தானாக மாறியது, அடி மண்ணுக்குப் போயிற்று. வளையல் ஒரே சத்தமாகச் 'சல்' என்றது. அவன் சிரிப்பு நின்றது. அடுத்ததைக் கொஞ்சம் பலமாகப் போட்டான். அதுவும் போயிற்று. மூன்றாவது அடியில் விளையாட்டு இல்லை.

எனக்கு அவன் முகம் தெரியவில்லை, அவன் கோபமும் தெரியவில்லை. குடுக்கைகள் வந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான். மேலே, இடுப்புக்கு, காலுக்கு, மறுபடி மேலே. எனக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து வளையல் கோத்துக்கொண்டிருக்கிறாள், தப்பாகச் சத்தம் வந்தால் சொல்லிவிடுவாள் என்று ஒரு நினைப்பு. அவன்மேல் ஒரு அடிகூட நான் போடவில்லை. போடத் தெரிந்தால்தானே?

அவனுக்கு அதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். திருப்பி அடித்திருந்தால் அவனுக்குத் தெரிந்த கணக்கு. அடிக்காத ஆளை என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஓங்கி ஓங்கிப் போட்டான், கை தளர்ந்தது, மூச்சு இரைத்தது. அப்போது தெற்கிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார், "ஏப்பா, உன் மாடு உன் கொள்ளைத் திங்குதுப்பா." மாடுகள் இந்தச் சண்டை பிடிக்காமல் திரும்பி, அவனுடைய நிலத்துக்குள்ளேயே போய் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. அறுப்பு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவன் ஓடவில்லை, ஓடத் தெம்பில்லை. வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தான். பட்டி நாய்கள் ஞாபகம் வந்தது எனக்கு. பாவம், என்ன இருந்தாலும் கொழுந்தன்.

கிணற்று மேட்டுக்கு நடந்தேன். மாமனார் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். வாய்க்குள் எண்ணினார். பிறகு நிமிர்ந்து, "வர்ற ஆடிக்கு அவரையை எந்தப் பக்கம் போடலாம்? நீயே சொல்லும்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேட்டுப் பக்கம் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

புதன்கிழமை வளையல்காரி வந்தாள். ராகி களத்தில் குவிந்து கிடந்தது. ஊரில் யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள், அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் மலாரத்தை இறக்குவதற்கு முன்பே கேட்டாள்.

"எத்தினி பெருகிச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவள் நம்பவில்லை. என் இரண்டு கையையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையலாக விரலால் தள்ளி எண்ணினாள். ஆறு, ஆறு. மறுபடியும் எண்ணினாள். பிறகும் என் கையை விடவில்லை.

"பதினோரு வருசத்துல எனக்கு ஒரு நாள்கூட பன்னெண்டும் மிஞ்சினதில்ல" என்றாள். "தெனம் ரெண்டாவது போயிடும். அதனாலதான் கண்ணாடி போடறதையே உட்டுட்டேன். முடியுமான்னே எனக்குத் தெரியாது. முடியும்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

தான் ஒருமுறைகூடத் தாண்டாத கோட்டை எனக்குப் போட்டுக் காட்டி, தாண்டு தாண்டு என்று ஐந்து மாதம் உட்கார்ந்திருக்கிறாள். அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் நாய்களின் நடுவில் அவளைப் பார்த்த பார்வையேதான். எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வெள்ளிக் காப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள். "எனக்குப் போட்டு உடு தங்கச்சி. பச்சை."

மலாரத்தை அவிழ்த்துப் பச்சையாகப் பன்னிரண்டு எடுத்தேன். நான் அதற்கு முன்பு யாருக்கும் வளையல் போட்டதில்லை. அவள் கை காய்த்துப்போன கை, விரல் முட்டுகள் பெரியவை. ஒன்றுகூட உடையாமல் போட்டு முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.